பிரெட்போர்டில் ஓடும் சர்க்கியூட்டை டாட் போர்டுக்கு மாற்ற ஒயரிங் யோசனை வேண்டும் (படகில் வைக்க)

தெற்குவாடி_பாம்பன்:

வணக்கம். மாமாவின் விசைப்படகுக்காக ஒரு சின்ன வேலை. படகின் அடியில் தண்ணீர் ஏறினால் மிதவை சுவிட்ச் மூடும், அர்டுயினோ நேனோ (சின்ன கன்ட்ரோலர் போர்டு) அதைப் பார்த்து ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போடும், 12 வோல்ட் பம்ப் ஓடும். கூடவே ஒரு பஸ்ஸர், பேட்டரி எத்தனை வோல்ட் இருக்கிறது என்று காட்ட ஒரு குட்டி ஓஎல்இடி திரை. வீட்டு மேஜையில் பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் ஒயரைச் செருகிப் பார்க்கும் பலகை) சமத்தாக ஓடுகிறது. படகில் கொண்டுபோய் வைத்தால்தான் வம்பு. இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் நேனோ ரீசெட் ஆகிறது, இல்லாவிட்டால் திரை அப்படியே உறைந்து நிற்கிறது, சில சமயம் தண்ணீரே இல்லாமல் பம்ப் தானாக ஓடுகிறது. ஜம்பர் ஒயரை விரலால் அழுத்தினால் சரியாகிவிடும். பிடுங்கிப் பார்த்தால் பின் முனையில் பச்சை பூத்திருக்கிறது.

இப்போது மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை படகு கரையில்தான் நிற்கும். அதற்குள் எல்லாவற்றையும் டாட் போர்டில் (வரிசையாகத் துளையும் செம்பு வட்டமும் உள்ள பலகை) சால்டர் செய்து ஒரு பெட்டிக்குள் போட்டுவிட நினைக்கிறேன். சர்க்கியூட் தெரியும், கோடு (நேனோவில் ஏற்றிய புரோகிராம்) ஓடுகிறது, எனக்குத் தெரியாதது போர்டின் அடியில் ஒயர் ஓட்டும் கலைதான். புள்ளிக்குப் புள்ளி ஈயத்தை இழுத்து இணைப்பதா, ஒயர் போடுவதா, போட்டால் எந்த ஒயர்? நேனோவை நேராக சால்டர் செய்வதா, சாக்கெட் வைப்பதா? கடையில் கேட்டதும் தந்தது பழுப்பு நிற போர்டு. யூடியூபில் பார்த்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், அதில் ஒருவர்கூட உப்புக்காற்றைப் பற்றிப் பேசவில்லை.

கீழக்கரை_ரேடியோ:

தம்பி, முதலில் அந்தப் பழுப்பு போர்டைத் திருப்பிக் கொடு. அது காகிதத்தில் பிசின் ஏற்றிச் செய்தது, ஈரத்தை உறிஞ்சும், அயர்னைக் கொஞ்சம் கூடுதலாக வைத்தால் செம்பு வட்டம் பெயர்ந்து கையோடு வரும். கண்ணாடி இழையில் செய்த எஃப்ஆர்4 போர்டு கேட்டு வாங்கு, பெரும்பாலும் பச்சை நிறத்தில் இருக்கும். இரண்டு பக்கமும் வட்டம் வைத்து, துளையின் உட்சுவரிலும் செம்பு பூசியது கிடைத்தால் இன்னும் நல்லது, வட்டம் அவ்வளவு லேசில் பெயராது. ஆனால் அதில் ஒரு சங்கதி இருக்கிறது: மேல்பக்கம் ஏதாவது உலோகம் படுத்தால் கீழ்பக்கத்தோடும் சேர்ந்துகொள்ளும். ரிலேக்கு அடியில், கிரிஸ்டல் உறைக்கு அடியில் இதைப் பார்த்துக்கொள்.

ஈயத்தைப் புள்ளிக்குப் புள்ளி இழுப்பது எனக்கு ஆகாது. இரண்டு புள்ளி பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் பரவாயில்லை. பத்துப் புள்ளிக்கு ஈயத்தையே பாதையாக ஊற்றினால் உள்ளே எங்கே ஒட்டவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது, பார்க்க எல்லாம் பளபளவென்று இருக்கும். அப்படி இழுத்து இழுத்து அதே இடத்தைச் சூடாக்கினால் ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) எரிந்துபோய் இணைப்பும் மங்கிவிடும். பாதை வேண்டிய இடத்தில் செம்புக்கம்பி வை. ரெசிஸ்டர், டையோடு கால்களை வெட்டி எறிகிறாய் அல்லவா, அவைதான் முதல் தரமான கம்பி, ஏற்கெனவே வெள்ளீயம் பூசியது. பாகத்தின் காலையே வெட்டாமல் மடக்கி அடுத்த புள்ளிவரை கொண்டுபோகலாம், அங்கே இருக்கும் காலை அரைச் சுற்று கட்டிக்கொள்ளும்படி மூக்குப் பிடிகுறட்டால் வளைத்துவிட்டு அப்புறம் ஈயம் வை. கம்பி தானாகவே நிற்க வேண்டும். ஈயம் பிடிப்பதற்கு அல்ல, மின்சாரம் போவதற்கு. படகு அதிரும்போது இந்த வித்தியாசம் தெரியும்.

5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் போர்டின் இரண்டு ஓரத்திலும் நீளமாக வெள்ளீயம் பூசிய செம்புக்கம்பி ஒவ்வொன்று ஓட்டு. நேராக வர ஒரு முனையைப் பட்டறைப் பிடியில் கடித்துக்கொண்டு மறு முனையைக் குறட்டால் பிடித்துச் சட்டென்று ஒரு இழு, கம்பி விறைத்து ஸ்கேல் வைத்ததுபோல் நேராகிவிடும். பிறகு நாலு புள்ளிக்கு ஒரு ஈயம் போதும்.

ஈயம் 63/37 வாங்கு. 183 டிகிரியில் உருகி உடனே இறுகும், நடுவில் குழம்பு நிலை கிடையாது, கை கொஞ்சம் ஆடினாலும் இணைப்பு கெடாது. பேஸ்ட் என்று சின்ன டப்பாவில் தருவதை முகர்ந்து பார், ரோசின் வாசனை இருக்க வேண்டும். தகரம் ஒட்டுபவர்கள் போடும் அமிலம் இந்தப் பக்கமே வரக்கூடாது, அது உப்பைவிட வேகமாகத் தின்னும்.

லேப்_அக்கா:

ரேடியோ பாய் சொன்னதெல்லாம் சரி. ஆனால் தம்பி, அயர்னைச் சூடாக்குவதற்கு முன்னாடி ஒரு கிராஃப் பேப்பர் எடுங்கள். நான் பாலிடெக்னிக் லேபில் இருக்கிறேன், பையன்கள் ஒயரிங்கில் படும் பாட்டில் பாதி போர்டுக்கு மேல் பாகங்களைக் கண்டபடி வைத்ததால்தான் வருகிறது. புள்ளிக்கும் புள்ளிக்கும் 2.54 மில்லிமீட்டர், கிராஃப் பேப்பரில் ஒரு கட்டம் ஒரு துளை என்று வைத்துக்கொண்டு பென்சிலால் வரைந்து அழித்து வரைந்து பாருங்கள். நேனோவுக்குப் பக்கத்துக்கு 15 பின், இரண்டு வரிசைக்கும் நடுவே ஐந்து கட்டம் காலி. ஒயர்கள் ஒன்றையொன்று தாண்டும் இடங்கள் குறையும்வரை பாகங்களைத் திருப்பித் திருப்பி வையுங்கள். புரோகிராம் நம் கையில்தானே இருக்கிறது, பஸ்ஸர் டி4 பின்னில் இருந்தால் என்ன, டி9இல் இருந்தால் என்ன? ஒயர் எந்தப் பின்னுக்குச் சுலபமாகப் போகிறதோ அந்தப் பின்னைக் கொடுத்துவிட்டுப் புரோகிராமில் ஒரு எண்ணை மாற்றுங்கள். பிரெட்போர்டில் போட்ட பின்களையே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டிய அவசியம் இல்லை.

மேலிருந்து வரைந்த படம் அடியில் பார்க்கும்போது இடம் வலம் மாறும். பேப்பரைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பின்பக்கமும் அதே கோடுகளை வரைந்துவிடுங்கள். சால்டர் செய்யும்போது அந்தப் பின்பக்கத்தை மட்டும் பாருங்கள்.

நேனோ எடுத்தது நல்லதாகப் போயிற்று. பெரிய அர்டுயினோ ஊனோ என்றால் டி7க்கும் டி8க்கும் நடுவில் இடைவெளி 4 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், சாதாரண டாட் போர்டின் துளைகளோடு பொருந்தாது, அதற்கென்று விற்கும் புரோட்டோ ஷீல்டைத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

ஒயர் போடும் வரிசை: முதலில் கிரவுண்ட், அப்புறம் 5 வோல்ட், பிறகு குட்டை ஒயர்கள், கடைசியில் நீள ஒயர்கள். ஒவ்வொரு ஒயர் முடிந்ததும் படத்தில் அந்தக் கோட்டின்மேல் சிவப்புப் பேனாவால் ஓட்டுங்கள். மின்சாரம் கொடுப்பதற்கு முன் மீட்டரை பீப் நிலையில் வைத்து 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே தொடுங்கள், தொடர்ந்து பீப் அடித்தால் எங்கோ பாலம் விழுந்திருக்கிறது. அடுத்தடுத்த நேனோ பின்களுக்கு நடுவிலும் இதே மாதிரி தொட்டுப் பார்த்துவிடுங்கள், சேரக்கூடாதது சேர்ந்திருக்கிறதா என்பதை யாரும் பார்ப்பதில்லை.

நேனோவின் 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் ஒட்டினாற்போல ஒரு 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், ஒரு 104 (0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர்). திரைக்குப் பக்கத்தில் இன்னொரு 104. போர்டின் மறுகோடியில் வைத்துவிட்டு நீள ஒயரில் கொண்டுவந்தால் அது வைத்தும் வைக்காத கணக்கு. ரிலேயைப் போர்டின் ஒரு மூலைக்குத் தள்ளிவிடுங்கள், திரைக்குப் போகும் ஒயர்கள் அதற்கு எதிர் மூலையிலிருந்து கிளம்பட்டும்.

தெற்குவாடி_பாம்பன்:

நன்றி பாய், நன்றி அக்கா. பின் எண்ணை மாற்றிக்கொள்ளலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒயர் விஷயம் மட்டும் இன்னும் கொஞ்சம். வீட்டில் மிச்சமான லேன் கேபிள் இருக்கிறது, அதற்குள் ஒற்றைக் கம்பிகள். பக்கத்தில் மோட்டார் வைண்டிங் கடையும் இருக்கிறது, அங்கே மெல்லிய செம்புக்கம்பி சும்மாவே தருவார்கள். இரண்டில் எது?

தொண்டி_ஒயர்மேன்:

லேன் கேபிள் என்றால் முதலில் பிளேடால் கம்பியைச் சுரண்டிப் பார். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்துக்கு மேல் செம்பு முலாம், விலை குறைந்த கேபிள்களில் இதுதான் வரும். இரண்டு முறை வளைத்தால் ஒடியும், சுரண்டிய இடத்தில் ஈயம் பிடிக்காது, ஈரம் பட்டால் அலுமினியம் கரைந்து செம்பு உறை மட்டும் நிற்கும். சுரண்டச் சுரண்டச் செம்பாகவே இருந்தால் தாராளமாகப் போடு, அரை மில்லிமீட்டர் பருமன், போர்டுக்கு அடியில் மடக்கினால் மடக்கிய இடத்தில் நிற்கும், எட்டு நிறமும் ஓசி. ஒரே குறை, உறை சீக்கிரம் உருகிப் பின்வாங்கும். அதனால் 3 மில்லிமீட்டருக்கு மேல் உரிக்காதே, அயர்னை வைத்து உடனே எடு.

வைண்டிங் கடைக் கம்பியில் எனாமல் பூச்சு இருக்கும். பூச்சில் இரண்டு ஜாதி. பாலியூரித்தேன் பூசியது என்றால் அயர்ன் முனையில் ஒரு பொட்டு ஈயத்தை வைத்து அதற்குள் கம்பி நுனியைப் பிடித்தால் 390, 400 டிகிரியில் பூச்சு தானே கருகி ஈயம் ஏறிவிடும். அந்தப் புகை நல்லதல்ல, மூச்சுக்கு எட்டாமல் ஃபேனை வெளிப்பக்கமாகத் திருப்பி வை. மோட்டாருக்குப் போடும் கம்பி அப்படி இல்லை, சூடு தாங்குவதற்கென்றே செய்தது, 25 வாட் அயர்னுக்கெல்லாம் மசியாது. பிளேடால் சுற்றிலும் சுரண்டித்தான் ஆக வேண்டும், சுரண்டும்போது கீறல் விழுந்தால் பிறகு அந்த இடத்தில் ஒடியும். அதனால் கேட்டு வாங்கு, இல்லாவிட்டால் விட்டுவிடு.

எனக்குப் பிடித்தது மூன்றாவது ஒன்று, ராப்பிங் ஒயர். கால் மில்லிமீட்டர் கம்பி, மேலே மெல்லிய ஆனால் முரட்டு உறை, சால்டர் செய்யும்போது லேசில் சுருங்காது. ஆன்லைனில் சிறு உருளையாகக் கிடைக்கிறது. அந்தக் காலத்தில் ஈயமே இல்லாமல் சதுரக் கம்பத்தில் இறுகச் சுற்றி கம்ப்யூட்டரே செய்தார்கள், அப்போலோ விண்கலத்தில் போன கம்ப்யூட்டரின் பின்பலகையே அப்படிச் சுற்றியதுதான். கம்பத்தின் கூர்மையான மூலைகள் கம்பிக்குள் கடித்து இறங்கி அந்த இடத்தில் காற்றே புகாமல் அடைத்துக்கொள்ளும், அதனால் பல வருடம் ஆனாலும் துரு ஏறாது. நம் ஹெட்டர் பின்னும் அதே 0.64 மில்லிமீட்டர் சதுரம்தான். ஆனால் போர்டுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கால் குட்டை, முழுதாகச் சுற்ற இடம் போதாது. அதனால் நான் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஒரு பொட்டு ஈயம் வைத்துவிடுவேன். சிக்னல் ஒயர் எல்லாவற்றுக்கும் இது, பவருக்குப் பாய் சொன்ன வெள்ளீயக் கம்பி. ரிலே காயில் ஒயரும் இதில் போகலாம், அதன் தொடுப்புப் பக்கம் மட்டும் கூடவே கூடாது.

சாக்கெட்டா நேரடியா என்று கேட்டாயே. சாக்கெட் வை. நேனோ போனால் முப்பது காலையும் ஈயம் உறிஞ்சி எடுக்கும் நரகம் உனக்கு வேண்டாம்.

கீழக்கரை_ரேடியோ:

தொண்டிக்காரரோடு இதில் மட்டும் நான் ஒத்துப்போகவில்லை. சாக்கெட் என்பது முப்பது ஜம்பர் ஒயர் செருகினதற்குச் சமம். பச்சை பூத்த பின்னைப் பற்றித்தானே தம்பி புலம்பிக்கொண்டு வந்தது? உருண்டைத் துளை சாக்கெட் நன்றாகக் கடிக்கும், ஆனால் நேனோவின் சதுரக் கால் அதில் ஒழுங்காக இறங்காது, சாதாரண நீள ஹெட்டர் சாக்கெட்டில் உள்ளே ஒரு மெல்லிய தகடுதான் தொட்டுக்கொண்டிருக்கும். அதிர்வில் அந்தத் தகடு உரசும், பூச்சு தேயும், உப்பு ஏறும். நேராகச் சால்டர் செய். நேனோ போனால் போர்டோடு மாற்று. ஒன்று செய்யும்போதே இன்னொன்றும் சேர்த்துச் செய்து வீட்டில் வைத்துக்கொள், இரண்டாவது போர்டுக்குப் பாதி நேரம்தான் ஆகும்.

தொண்டி_ஒயர்மேன்:

படகுக்கு என்றால் பாய் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். வீட்டில், தோட்டத்தில் வைப்பதற்கு என் பேச்சு.

மண்டபம்_படகு_கரண்டு:

நான் படகுகளில் கரண்டு வேலை பார்க்கிறவன், நேனோ பற்றிப் பெரிதாகத் தெரியாது. ஆனால் தம்பி சொல்லும் நோயைப் பார்த்தால் பாதி போர்டுக்கு வெளியே இருக்கிறது.

பம்ப் ஒயர் எங்கே போகிறது? அந்த நீல ரிலே போர்டின் அடியில் இருக்கும் ஒல்லிப் பாதை வழியாகவா? பம்ப் மோட்டார் ஓடும்போது பல ஆம்பியர் எடுக்கும், கிளம்பும்போது அதைவிடக் கூடுதல். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ஃபியூஸிலிருந்து வண்டிகளில் வரும் 30 ஆம்பியர் ரிலே, அங்கிருந்து பம்ப் என்று தடி ஒயரில் தனியாகக் கொண்டுபோ. உன் போர்டு அந்த வண்டி ரிலேயின் காயிலை மட்டும் ஆட்டட்டும். பம்பின் கிரவுண்ட் திரும்பிப் பேட்டரிக்கே போக வேண்டும், உன் போர்டு வழியாக வரக்கூடாது. போர்டுக்கு ஒரு சன்ன ஜோடி ஒயர் தனியாகப் பேட்டரி முனையிலிருந்தே கிளம்பட்டும், அதற்கு 1 ஆம்பியர் ஃபியூஸ். ஒரே ஒயரில் இரண்டும் போனால் பம்ப் கிளம்பும் ஒவ்வொரு முறையும் உன் 12 வோல்ட் தொங்கும், இன்ஜின் செல்ஃப் அடிக்கும்போது கேட்கவே வேண்டாம்.

இனி ஒயர் முனைகள். பல இழை ஒயருக்கு ஈயம் பூசி ஸ்க்ரூ டெர்மினலில் முறுக்குவார்கள், எல்லோரும் செய்வார்கள், செய்யாதே. ஈயம் மெதுவாக நசுங்கி இடம் கொடுக்கும், அடுத்த மாதம் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். இழைகளுக்கு மேல் ஃபெரூல் குழாய் மாட்டிக் கிரிம்ப் செய்து பிறகு முறுக்கு. போர்டில் நேராகச் சால்டர் செய்யும் வெளி ஒயர் என்றால், ஈயம் இழைகளுக்குள் ஏறி நிற்கும் இடத்தில்தான் அது ஒடியும், அதனால் போர்டில் பக்கத்தில் இன்னொரு பெரிய துளை போட்டு ஒயரை முதலில் அந்தத் துளை வழியாகக் கீழிருந்து மேலே இழுத்து, வளைத்து, அப்புறம் சால்டர் துளைக்குள் விடு. உறையோடு சேர்த்து ஒரு கேபிள் டையும் போடு. ஒயர் இழுபடும்போது தாங்குவது துளை, ஈயம் அல்ல.

பெட்டிக்குள் நுழையும் எல்லா ஒயரும் அடிப்பக்கத்திலிருந்து நுழையட்டும். நுழைவதற்கு முன் ஒயர் ஒரு முறை கீழே தொய்ந்து மேலேறட்டும், தண்ணீர் அந்தத் தொய்வில் சொட்டிவிடும்.

லேப்_அக்கா:

பம்ப் தானாக ஓடுகிறது என்றாரே, அதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். தம்பி, மிதவை சுவிட்சுக்கு நேனோவின் உள் புல்-அப்பைத்தானே (பின்னை 5 வோல்ட்டுக்கு இழுத்து வைக்கும் உள் ரெசிஸ்டர்) போட்டிருக்கிறீர்கள்? அது 20 முதல் 50 கிலோ ஓம். நடுவே 35 என்று வைத்துக்கொள்வோம். பின்னில் 1.5 வோல்ட்டுக்குக் கீழே வந்தால் நேனோ அதை நிச்சயம் லோ என்று எடுத்துக்கொள்ளும். அதாவது சுவிட்ச் ஒயர் இணைப்பில் உப்பு ஈரம் படிந்து அது ஒரு 15 கிலோ ஓம் அளவுக்குக் கசிந்தாலே சுவிட்ச் மூடியதாகக் கணக்காகிவிடும். படகின் அடியில் 15 கிலோ ஓம் எல்லாம் வெகு சாதாரணம். வெளியே 5 வோல்ட்டிலிருந்து ஒரு 1 கிலோ ஓம் போட்டால் அதே கசிவு 430 ஓமுக்குக் கீழே வந்தால்தான் ஏமாறும். சுவிட்ச் மூடியிருக்கும்போது 5 மில்லி ஆம்பியர் ஓடும், அது தொடுப்பைச் சுத்தமாகவும் வைக்கும். பின்னுக்கு முன்னால் தொடரில் இன்னொரு 1 கிலோ, பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 104. சுவிட்ச் ஒயர் இரண்டையும் முறுக்கிக் கொண்டுவாருங்கள், பம்ப் ஒயரோடு ஒரே கட்டில் கட்டாதீர்கள்.

பேட்டரி வோல்ட்டைக் குறைத்து அளக்க 30 கிலோ ஓமும் 10 கிலோ ஓமும் தொடரில் போட்டால் 14.4 வோல்ட்டில் பின்னுக்கு 3.6 வரும், பத்திரம். அந்த 10 கிலோவும் அதன் 104உம் நேனோ பின்னை ஒட்டியே இருக்கட்டும்.

ரிலே காயிலுக்கு நேரே பின்னிலிருந்து ஒயர் போடாதீர்கள். சின்ன நீல ரிலேயே 70 மில்லி ஆம்பியர் எடுக்கும், பின்னின் உச்ச வரம்பே 40. வண்டி ரிலேக்கு இன்னும் கூடுதல், 12 வோல்ட் காயில். ஒரு மாஸ்ஃபெட் அல்லது டிரான்சிஸ்டர் சுவிட்சாக நடுவில், காயிலுக்குக் குறுக்கே ஒரு 4007 டையோடு. டையோடை நம் போர்டில் வைத்தாலும் போதாது, முடிந்தால் ரிலேயின் காலிலேயே மாட்டுங்கள். காயில் அணையும்போது வரும் உதை அந்த நீள ஒயர் முழுக்க ஓடிவர வேண்டாமே.

தேவிபட்டினம்_பிசிபி:

இவ்வளவு பாடும் எதற்கு? கைகேட் (KiCad) என்ற மென்பொருளில் வரைந்து அனுப்பினால் ஐந்து பிசிபி (பாதைகளை அச்சிட்ட போர்டு) வீட்டுக்கே வந்துவிடும், பச்சை மாஸ்க் பூசியது, ஒயரே கிடையாது.

கீழக்கரை_ரேடியோ:

அனுப்பட்டும், நல்லதுதான். ஆனால் முதல் வாரத்திலேயே பையன் இன்னொரு பஸ்ஸர் வேண்டும், ஒரு பித்தான் வேண்டும் என்பான். டாட் போர்டில் இரண்டு ஒயர் சேர்த்தால் முடிந்தது. ஒரு சீசன் படகில் ஓடி, இனி மாறாது என்று தெரிந்த பிறகு பிசிபி அடிக்கலாம். அதோடு, வெளி ஒயரும் உப்பும் பிசிபிக்கும் உண்டு.

தெற்குவாடி_பாம்பன்:

எல்லோருக்கும் பெரிய நன்றி. உள் புல்-அப்தான் போட்டிருந்தேன் அக்கா, ஒயர் இணைப்பு டேப் சுற்றியபடி அடியிலேயே கிடக்கிறது. மாற்றிவிடுகிறேன். கடைசியாக உப்பு. சிலிகான் டியூப் வாங்கி போர்டு முழுக்க அப்பிவிடலாம் என்று நண்பன் சொல்கிறான். பசைத் துப்பாக்கியால் நிரப்பலாம் என்று இன்னொருவன்.

மண்டபம்_படகு_கரண்டு:

அந்தச் சிலிகான் காடி வாசனை அடிக்கிறதா? அடித்தால் கிட்டக் கொண்டுவராதே. இறுகும்போது அசிட்டிக் அமிலம் விடும் வகை அது, உள்ளே மூடி வைத்த செம்பை அதுவே பச்சையாக்கும். வாசனை இல்லாத நியூட்ரல் வகை தனியாக இருக்கிறது, ஒயர் நுழையும் இடத்தை அடைக்க அதை வை. பசைத் துப்பாக்கிப் பசை ஒயர் ஆடாமல் பிடிக்க மட்டும், வெயிலில் தளர்ந்து பெயரும், தண்ணீரை அது தடுக்காது.

தொண்டி_ஒயர்மேன்:

பூசுவதற்கு முன் கழுவுவதுதான் முக்கியம், அதைத்தான் எல்லோரும் தாண்டிவிடுவார்கள். உப்பு தூளாகக் காய்ந்து கிடக்கும்வரை கரண்டு கடத்தாது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து நீராகக் கரைந்துவிடும், அடுக்களை உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிகிறதே அதுதான். நம் கரையில் ராத்திரி ஆனால் 75 எல்லாம் சர்வ சாதாரணம். அதனால்தான் பகலில் வீட்டில் சோதித்தால் ஒழுங்காக இருக்கும், விடியற்காலை கடலில் கோளாறு காட்டும். இந்த உப்பு படிந்தபடியே மேலே வார்னிஷ் பூசினால் அடியிலேயே வேலை நடக்கும். கை வியர்வையிலும் அதே உப்புதான்.

ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும். அடிப்பக்கம் முழுக்கத் தேய்த்து, அழுக்கு மேலே மிதக்கும்போதே பஞ்சுத் துணியால் ஒற்றி எடு, காயவிட்டால் ஃப்ளக்ஸ் மறுபடி அங்கேயே படியும். படகில் ஏற்கெனவே போய்வந்த திரையாக இருந்தால் ஆல்கஹால் மட்டும் போதாது, உப்பு அதில் அவ்வளவாகக் கரையாது, முதலில் காய்ச்சி வடித்த தண்ணீரால் பின்பக்கப் போர்டைத் துடைத்துவிட்டு அப்புறம் ஆல்கஹால். கையுறை போட்டுக்கொண்டு ஒரு மதியம் வெயிலில் வை, சூடு இருக்கும்போதே பூசு.

பூச்சு, எலக்ட்ரானிக்ஸ் கடையில் அக்ரிலிக் கன்ஃபார்மல் கோட்டிங் என்று ஸ்ப்ரே கிடைக்கும். மெல்லியதாக ஒரு முறை, காய்ந்ததும் குறுக்குவாட்டில் இன்னொரு முறை. கிடைக்காவிட்டால் நிறமில்லாத நகப்பூச்சு, சின்ன போர்டுக்குப் பரவாயில்லை. ஸ்க்ரூ டெர்மினல், நேனோவின் யூஎஸ்பி வாய், பஸ்ஸர் ஓட்டை, ரீசெட் பித்தான் நான்கையும் முதலில் டேப் ஒட்டி மறைத்துவிடு. அக்ரிலிக் என்றால் பிறகு ஒரு ஒயர் மாற்ற வேண்டுமானாலும் அயர்னை அதன் வழியாகவே வைக்கலாம்.

புதிய பாம்பன் பாலத்துக்குக் கூட முழுக்க வெல்டிங், மேலே பாலிசிலாக்சேன் பூச்சு என்றுதான் போனார்கள், 2025இல் திறந்தது. உன் வீட்டு வாசலிலேயே பாடம் நிற்கிறது தம்பி: இணைப்பைக் குறை, மிச்சத்தை மூடு.

தெற்குவாடி_பாம்பன்:

ஹாஹா, அந்தப் பாலத்தைத் தினமும் பார்க்கிறேன் அண்ணே, இப்படி யோசித்ததில்லை. திரை மட்டும் போர்டில் இல்லாமல் வீல்ஹவுஸில் மாமா கண்ணுக்கு எதிரே வைக்க வேண்டும், ஒன்றரை மீட்டர் தூரம். நாலு ஒயர் ஓட்டிவிடலாமா?

லேப்_அக்கா:

முடிந்தால் வேண்டாம். அது ஐ2சி, போர்டுக்குள்ளே பேசிக்கொள்வதற்காக வந்த ஏற்பாடு. இன்ஜின் கிளப்பும் மின் இரைச்சல் அந்த ஒயரில் ஏறினால் நேனோ பதிலுக்குக் காத்துக்கொண்டே நின்றுவிடும், திரை உறைகிறது என்றீர்களே, அது இதனாலும் இருக்கலாம். பெட்டியையே வீல்ஹவுஸுக்குக் கொண்டுபோங்கள், திரை போர்டிலேயே இருக்கட்டும், பெட்டி மூடியில் கண்ணாடிப் பகுதி வெட்டிக்கொள்ளலாம். நீள ஒயரில் போக வேண்டியவை மிதவை சுவிட்சும் ரிலே காயிலும்தான், அவை இரண்டுக்கும் தூரம் ஒரு பொருட்டே அல்ல. கோடிலும் ஐ2சிக்கு டைம் அவுட் போட்டுவிடுங்கள், லைப்ரரியில் அது இருக்கிறது, ஆனால் தானாக இயங்காது, நாம்தான் இயக்க வேண்டும்.

மண்டபம்_படகு_கரண்டு:

வீல்ஹவுஸுக்குத்தான் என் ஓட்டும். அங்கே வைத்தால் உப்புத் தண்ணீர் பாதி குறையும்.

கீழக்கரை_ரேடியோ:

12 வோல்ட்டிலிருந்து 5 எப்படி எடுக்கிறாய் என்று நீ சொல்லவே இல்லை. 7805 ரெகுலேட்டர் என்றால் ஏழு வோல்ட்டைச் சூடாக்கித்தான் தள்ளும், 100 மில்லி ஆம்பியருக்கே 0.7 வாட், மூடிய பெட்டிக்குள் அது வேண்டாத அடுப்பு. 2596 பக் மாடியூல் (அதிகம் சூடாகாமல் வோல்ட்டைக் குறைக்கும் குட்டி போர்டு) போடு. நேனோவோடு சேர்ப்பதற்கு முன்னால் தனியாகப் பேட்டரியில் மாட்டி மீட்டரைப் பார்த்து 5.0க்குத் திருகிவிட்டு, அந்தக் குட்டி ஸ்க்ரூவின் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வை. இல்லாவிட்டால் அதிர்வில் தானே திரும்பி ஒருநாள் நேனோவுக்கு ஏழோ எட்டோ போகும். நகப்பூச்சு எப்படியும் வாங்கத்தானே போகிறாய்.